இடது புருவத்தில் ஒரு கோடு

அந்தப் பெண் வந்து கதவைத் தட்டியபோது நான் ஸ்கேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

மைசூரில் அக்ரஹாரத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அதன் முன்னறைதான் என் வேலை இடம். பழைய நெகடிவ்களையும் மங்கிப்போன படங்களையும் ஸ்கேன் செய்து, கறை நீக்கி, நிறம் சரிசெய்து கொடுப்பது என் தொழில். நான் முன்பு வேலை பார்த்த கலர் லேபை மூடியபோது அங்கிருந்த ஃபிலிம் ஸ்கேனரை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். நிற்க வைத்த செங்கல் மாதிரி இருக்கும். பெரிய ஸ்டூடியோக்களில்கூட இப்போது அந்த மாதிரி இல்லை. ஆனால் அதைச் செய்த கம்பெனி எப்போதோ அந்த வேலையை நிறுத்திவிட்டது. ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள நடுவில் டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். அதைப் பழைய சிஸ்டத்துக்கு எழுதியதோடு விட்டுவிட்டார்கள்.

பழைய சிஸ்டத்தில் ஸ்கேனர் சமர்த்தாக இருந்தது, எடிட்டிங்தான் உயிரை வாங்கியது. பெரிய படம் ஒன்றைத் திறக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்து குக்கர் வைத்துவிட்டு வரலாம். கம்ப்யூட்டரில் எவ்வளவு மெமரி இருந்தாலும் அந்தச் சிஸ்டம் ஒரு அளவுக்கு மேல் தொடாது. படத்தின் மேல் திருத்த அடுக்குகளாக நாலு லேயர் ஏறினால் திரை உறைந்து நின்றுவிடும். அதனால்தான் என் கணவர் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புது டிஸ்க்கில் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். எடிட்டிங் பறந்தது. ஆனால் ஸ்கேனரின் டிரைவர் அதில் ஏற மறுத்துவிட்டது. வேறு யாரோ எழுதிய பொதுவான மென்பொருள் ஒன்றைப் போட்டு ஸ்கேனரை ஓட வைத்தேன். படம் வந்தது. தூசியைத் தானாக நீக்குவது போன்ற சில வசதிகள் வரவில்லை. பரவாயில்லை, தூசியைக் கையாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நனைந்த செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தாள்.

"ஏனுங்கக்கா, பழைய ஃபிலிம்ல இருந்து படம் எடுத்துக் குடுக்கறது நீங்கதானுங்களா? கொள்ளேகால்ல ஸ்டூடியோக்காரரு உங்க அட்ரஸ் குடுத்தாருங்க. இன்னிக்கே வேணுமுங்க. சாயங்காலத்துக்குள்ள."

எல்லாரும் சொல்வதுதான். "வெச்சுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல பண்ணித் தர்றேன்" என்றேன்.

"நாளைக்கு ஆச்சுன்னா ஆள் போயிருமுங்க" என்றாள். அவள் குரல் உடைந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

அவளுடைய ஊர் காட்டுக்கு நடுவில், ஆற்றை ஒட்டி இருக்கும் கோபிநத்தம். இப்போது கொள்ளேகாலில் புளி வியாபாரம் செய்கிறாள். அவளுக்கு ஒரே அண்ணன். இருபது வருடத்துக்கு முன்னால், பியூசி பரீட்சையில் தோற்றதற்கு அப்பா எல்லார் முன்னாலும் அடித்தார் என்று வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. அப்பா அந்தக் கோபத்தில் வீட்டில் இருந்த அவன் படங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார். அப்பாவும் இப்போது இல்லை. முந்தின நாள் காலையில் மாநிலத்தின் வடக்கே ஒரு ஊரில் உள்ள ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. அங்கே ஒருவன் இருக்கிறான், சரியாகப் பேசுவதில்லை, ஆறு, காடு என்று மட்டும் தமிழில் எப்போதாவது சொல்கிறான். இல்லத்துப் பொறுப்பாளர் யார் யாரையோ விசாரித்து, கோபிநத்தத்தில் காணாமல் போனவன் ஒருவன் உண்டு என்று கேள்விப்பட்டு இவளைப் பிடித்திருக்கிறார்.

"சரி, போய்ப் பாக்கலாமே" என்றேன்.

"இன்னொரு குடும்பமும் அவர் எங்க ஆளுன்னு சொல்றாங்களாமுங்க. ஈரோடு பக்கத்துக்காரங்க. அவங்க இன்னிக்கு விடியறப்பவே பொறப்பட்டுட்டாங்க. நாளைக்குக் காலைல போய்ச் சேந்துருவாங்க. சாயங்காலத்துக்குள்ள ஏதாச்சும் ஒரு பழைய போட்டோ அனுப்புங்க, பொருந்திச்சுன்னா அவங்களை நிறுத்தி வெக்கறேன், இல்லாட்டி நான் அவங்களோட அனுப்பிருவேன்னு அந்த சார் சொல்லிட்டாருங்க."

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு நெகடிவ் துண்டு. அண்ணனோடு கபடி ஆடிய ஒருவர் வீட்டில் கிடைத்ததாம். விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பையன்கள் வரிசையாக நிற்கும் குழுப் படம். ஒவ்வொரு முகமும் கடுகளவு. ஃபிலிம் நெடுகக் கீறல்கள். ஓரத்தில் பூஞ்சை வேறு.

"இதுல எது உங்க அண்ணன்?"

"கடைசில நிக்கறதுங்க. பக்கத்துல இருக்கறவனைத் திரும்பிப் பாத்துட்டு நிக்குமுங்க. படம் எடுக்கறப்போ நானும் அங்கதான் நின்னனுங்க."

பிறகு தன் போனில் இல்லத்துக்காரர் அனுப்பிய படத்தைக் காட்டினாள். நேராகப் பார்க்கும் ஒரு மனிதன். ஒட்டிய கன்னம், நரைத்த தாடி, வெறித்த கண். இடது புருவத்தின் நடுவில் முடியில்லாமல் ஒரு வெட்டு. பழைய காயத்தின் தழும்பு.

"இப்படி ஒரு தழும்பு அவருக்கு இருந்துச்சா?"

"அதுதானுங்கக்கா தெரியலை. அண்ணன் போனப்போ எனக்குப் பதினாலு வயசு. நெத்தியில ஒரு தடவை அடிபட்டுச்சு, ரத்தம் வந்துச்சு, அது நெனவிருக்குது. எந்தப் பக்கம்னு தெரியலீங்க. அம்மாகிட்டக் கேக்கப் பயமா இருக்குது. ஆள் கெடைச்சிருச்சுன்னு தெரிஞ்சா அம்மா இந்நேரம் பஸ் ஏறியிருக்குமுங்க. அவனா இல்லைன்னா அப்புறம் அம்மா இருக்காதுங்க."

நெகடிவை மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, ஓரத்து எழுத்துகள் நேராகப் படிக்கும்படி வைத்தேன். புரட்டி வைத்தால் இடது வலதாகிவிடும். ஸ்கேனர் முனகிக்கொண்டே ஃபிலிமை உள்ளே இழுத்தது. அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

படம் திரையில் ஏறியது. புது சிஸ்டத்தில் பெரிதாக்குவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, விரலை அசைத்தால் முகம் திரை முழுக்க வந்துவிட்டது. பதினெட்டு வயதுப் பையன், பாதி திரும்பிய முகம், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் வாய். இடது புருவத்தின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று.

"அக்கா!" என்று அவள் கத்திவிட்டாள். "அதேதானுங்க! பாருங்க, அதே எடம்! எங்கண்ணன்தானுங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் படத்தை விட்டு என் கண் நகரவில்லை. அந்தக் கோட்டைப் போலவே இன்னொரு கோடு பக்கத்துப் பையனின் சட்டையில் இருந்தது. வானத்தில் இரண்டு இருந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே சாய்வு.

நெகடிவில் விழுந்த கீறல் படத்தில் வெளிறிய கோடாகத்தான் தெரியும். புருவத்தில் முடியில்லாத தழும்பும் அப்படியேதான் தெரியும்.

அவள் கட்டைவிரல் போனில் அனுப்பும் பொத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அனுப்பாதீங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "ஒரு நிமிஷம். இது தழும்பா, ஃபிலிம்ல விழுந்த கீறலான்னு எனக்குத் தெரியல."

அவள் முகம் மாறியது. "என்னுங்க சொல்றீங்க? கண்ணுல தெரியுதில்லீங்களா?"

"தெரியுது. இங்க பாருங்க, இதே மாதிரி இங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு. இதெல்லாம் கீறல். புருவத்துல இருக்கறது மட்டும் தழும்புன்னு எப்படிச் சொல்றது?"

"இருபது வருசம் கழிச்சு ஒரு தும்பு கெடச்சிருக்குது. நீங்க அதையும் இல்லேங்கறீங்க." அவளுக்குக் கோபம். ஆனால் விரல் போனிலிருந்து விலகிவிட்டது.

நெகடிவை வெளியே எடுத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் மறுபடி பார்த்தேன். அந்தச் சின்ன முகத்தில் எதுவும் பிரித்துத் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

இதைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. அது என் கையை விட்டுப் போய் ஒரு வாரமாகியிருந்தது.

அந்த ஸ்கேனரில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளோடு கண்ணுக்குத் தெரியாத நாலாவது விளக்கு ஒன்று உண்டு. அகச்சிவப்பு. கலர் நெகடிவின் சாயத்தை அந்த ஒளி வெறும் கண்ணாடியைப் போலக் கடந்துவிடும். ஃபிலிமின் மேல் இருக்கும் தூசியும் கீறலும்தான் அதை மறிக்கும். அந்த ஒளியில் ஸ்கேன் செய்தால் முகமும் புருவமும் மறைந்து, கீறல்கள் மட்டும் கறுப்பாக நிற்கும். புருவக் கோடு அதில் தெரிந்தால் கீறல், தெரியாவிட்டால் தழும்பு. ஆனால் நாலாவது விளக்கை ஏற்றப் பழைய டிரைவர் வேண்டும். பழைய டிரைவருக்குப் பழைய சிஸ்டம் வேண்டும். புது மென்பொருளுக்கு அப்படி ஒரு விளக்கு இருப்பதே தெரியாது.

நான் சொன்னதையெல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "அந்தப் பழசு எங்கீங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

கணவருக்குப் போன் செய்தேன். மேட்டகள்ளிப் பக்கம் அவருடைய ஆபீஸ்.

"அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் எங்க வெச்சீங்க? பீரோவுலயா?"

"இல்ல, எதுக்கு?"

"வேணும். இப்பவே."

"அது... ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான். உனக்குத்தான் வேண்டாமேன்னு குடுத்துடலாம்னு வண்டி டிக்கில போட்டேன்."

"குடுத்துட்டீங்களா?"

"அவன் நேத்துல இருந்து லீவு. டிக்கிலதான் இருக்கு. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணலாம்னு பாத்தேன், அதுக்கும் டைம் கெடைக்கல."

வேறு நாளாக இருந்தால் என்னைக் கேட்காமல் எப்படி எடுத்தீர்கள் என்று சண்டை போட்டிருப்பேன். அன்று அவருடைய சோம்பலுக்குக் கும்பிடு போட்டேன்.

அந்தப் பெண்ணை முன்னறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தூறல் விட்டபாடில்லை. கே.ஆர்.எஸ். ரோட்டில் ஆஸ்பத்திரியைத் தாண்டும்வரை வண்டிகள் நகர்ந்து நகர்ந்துதான் போயின. ஆபீஸ் கேட்டுக்கு வெளியே கணவர் குடையோடு நின்றிருந்தார். அவர் கையில் டிஸ்க் ஒரு பிஸ்கட் கவருக்குள் இருந்தது.

"பாத்து. இத்தனை நாள் டிக்கில ஸ்பேனரோட குலுங்கிட்டு இருந்திருக்கு. ஓடுமான்னே தெரியாது. நெட் கேபிளைக் கழட்டிட்டு மாட்டு, சரியா? இல்லைன்னா ஆன் ஆன உடனே அப்டேட் அது இதுன்னு எல்லாத்தையும் மாத்திடும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா ஓடல. என்ன பண்றது?"

டிஸ்க்கைத் துப்பட்டாவில் சுற்றி, பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தித்தான் ஏற்றினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் நாற்காலியில் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். "அந்த சார் கூப்பிட்டாருங்க. என்னாச்சுன்னு கேட்டாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல அனுப்பறேன்னு சொல்லிட்டனுங்க."

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். புது டிஸ்க்கின் வயர்களை உருவிப் பழைய டிஸ்க்கில் மாட்டினேன். நெட் கேபிளைப் பிடுங்கிப் போட்டேன். பொத்தானை அழுத்தியதும் டிஸ்க் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வெள்ளை எழுத்துகள் வந்தன. டிஸ்க்கில் பிழை இருக்கலாம், சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி அது தானாகவே சோதனையை ஆரம்பித்துவிட்டது.

பாதியில் நிறுத்தினால் டிஸ்க் மொத்தமாகப் போகலாம். நிறுத்தாமல் விட்டால் எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. இருவரும் திரையில் சதவீத எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பாதி தாண்டியபோது டியூப் லைட் அணைந்தது. கரண்ட் போய்விட்டது. மேசைக்குக் கீழே யூ.பி.எஸ். கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நின்னுருமுங்களா?" என்று அவள் கேட்டாள்.

திரையின் வெளிச்சம் மட்டும் அறையில் இருந்தது. மின்விசிறியும் நின்றுவிட்டதால் டிஸ்க்கின் கரகரப்பு இன்னும் பெரிதாகக் கேட்டது. யூ.பி.எஸ். கத்துவது வேகமாகியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தவள் மாதிரி அவ்வளவு இறுக்கமாக. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்ட அதே நொடியில் எங்கள் டியூப் லைட்டும் துடித்து எரிந்தது.

சோதனை முடிந்து பழைய சிஸ்டத்தின் பழக்கமான திரை வந்தது. கடிகாரம் தப்பான நேரம் காட்டியது. நான் டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த என் மகளின் படம்கூட அப்படியே இருந்தது. நெகடிவை மறுபடி உள்ளே வைத்து ஸ்கேனரைச் சொருகினேன். அதன் முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. பழைய மென்பொருளைத் திறந்தேன். அகச்சிவப்பு என்ற கட்டம் அதன் இடத்திலேயே இருந்தது.

அவசரத்தில் முழுப் படத்தையும் முழு அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லிவிட்டேன். முக்கால்வாசியில் மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டு மென்பொருள் மூடிக்கொண்டது. அந்தச் சிஸ்டத்தின் குணம் ஒரே வாரத்தில் மறந்து போயிருக்கிறது எனக்கு. மறுபடி திறந்து, அந்த ஒரு முகத்தை மட்டும் கட்டம் கட்டினேன். ஸ்கேனர் போவதும் வருவதுமாக மெதுவாக முனகியது.

அவளுடைய போன் அடித்தது. எடுக்கவில்லை. திரையில் 'அம்மா' என்று தெரிந்தது. நின்று, மறுபடி அடித்தது. அவள் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

ஸ்கேன் முடிந்தது. நாலாவது விளக்கின் படத்தை மட்டும் பிரித்துத் திறந்தேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம். முகம் இல்லை, வாய் இல்லை, கண் இல்லை. சில கறுப்புப் புள்ளிகள், பூஞ்சையின் கிளைகள். நடுவில், புருவம் இருக்க வேண்டிய இடத்தில், சாய்வாக ஒரு கறுப்புக் கோடு.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள்.

"கீறல்தான்மா" என்றேன். "ஃபிலிம்லதான் இருக்கு. உங்க அண்ணன் முகத்துல இல்ல."

"அப்போ அது எங்கண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"அப்படியும் சொல்ல முடியாது. வீட்டை விட்டுப் போன அப்புறம்கூட அடிபட்டிருக்கலாம். இந்தக் கோட்டை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

வெறுங்கையாக அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கீறல்களை நீக்கிய படத்தைத் திறந்தேன். இந்த ஸ்கேன் முதலாவதைவிடச் சுத்தமாக, கூர்மையாக இருந்தது. பழைய சிஸ்டம் ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் யோசித்து யோசித்துத்தான் காட்டியது. தாடியும் வயதும் மாற்றாதது எது என்று தேடினேன். கண்களை அவன் திருப்பிக்கொண்டிருந்தான். மூக்கு பாதிதான் தெரிந்தது. ஆனால் திரும்பி நின்றதால் இடது காது முழுசாகத் தெரிந்தது. காதின் அடிமடல் கன்னத்தோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கியது.

"அந்த சார்கிட்ட, அவரைப் பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இடது காது தெரியணும்."

அவள் போனில் கன்னடத்தில் கெஞ்சினாள். மறுமுனையில் சலித்துக்கொள்வது எனக்கே கேட்டது. காலையிலிருந்து எத்தனை தடவைம்மா, எனக்கு இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா என்று. கடைசியில் சரி என்றார்.

காத்திருந்தோம். அந்த நேரம்தான் இருந்ததிலேயே மோசம். செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அதையும் அவள் கையில்தான் வைத்திருந்தாள். "அந்த ஈரோட்டுக்காரங்களுக்கும் ஒரு அம்மா இருக்குமில்லீங்களா?" என்று திடீரென்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

படம் வந்தது. சுவரைப் பார்த்தபடி அந்த மனிதன் உட்கார்ந்திருந்தான். யாரோ தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிப் பிடித்திருந்தார்கள். போனைத் திரைக்குப் பக்கத்தில் நான் பிடித்தேன். எதையும் சுட்டிக் காட்டவில்லை. அவளே பார்க்கட்டும் என்று விட்டேன்.

அந்த மனிதனின் காது மடல் தனியாகத் தொங்கவே இல்லை. நேராகக் கன்னத்தில் போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் போனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தித் தன் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கம்மலோடு தொங்கிய மடல்.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தானுங்க" என்றாள். "அம்மாவுக்கும் இப்படித்தான்."

அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. வயதானால் காது மடல் தளர்ந்து நீளும். தொங்கியது போய் ஒட்டிக்கொள்ளாது. அது அவளுக்கே தெரிந்திருந்தது.

தானாகவே போனை எடுத்து இல்லத்துக்காரரைக் கூப்பிட்டாள். குரல் நடுங்கவில்லை. அவர் எங்கள் அண்ணன் இல்லை, அந்தக் குடும்பம் வந்தால் அனுப்பிவிடுங்கள், அவருக்கு நல்லபடியாகச் சாப்பாடு போடுங்கள் என்று சொன்னாள். போனை வைத்த பிறகுதான் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதுகில் கை வைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அவள் சந்தோஷமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள் என்று ஒரு பக்கம் தோன்றியது. வேறு யாருடைய பிள்ளையையோ கூட்டிக்கொண்டு வந்திருப்பாள் என்று இன்னொரு பக்கம்.

அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள்.

"அக்கா, இந்த முகத்தைப் பெருசாப் போட்டுக் குடுப்பீங்களா? அம்மாகிட்ட இதுக்காகத்தான் மைசூர் வந்தேன்னு சொல்லிக்கறேன். இருபது வருசமா எங்கம்மா அவன் முகத்தையே பாக்கலீங்க."

ஸ்கேன் செய்ததைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மறுபடி டிஸ்க்கை மாற்றினேன். புது சிஸ்டத்தில் அந்த முகத்தைத் திறந்தேன். வேலை சட்டென்று நடந்தது. பூஞ்சையின் மிச்சத்தை எடுத்தேன், போன நிறத்தைக் கொஞ்சம் மீட்டேன். இந்தப் புது மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முகம் என்று கண்டுகொண்டால் தானாகவே தோலை மழமழவென்று ஆக்கிவிடும். கன்னத்துப் பரு, உதட்டு மேல் அரும்பிய மீசை எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போயின.

"அய்யோ, வேண்டாமுங்க" என்றாள் அவள். "அது வேற யாரோ மாதிரி இருக்குது. எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுருங்க."

அந்த வசதியை அணைத்துவிட்டு, பருவையும் மீசையையும் திரும்பக் கொண்டுவந்தேன். பிரிண்ட் எடுத்து, நனையாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவளை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும்போது அவள் போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்துப் பேசினாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டாள். ஈரோட்டுக் குடும்பம் அந்த மனிதனை அடையாளம் கண்டு அழைத்துக்கொண்டு போய்விட்டதாம். இல்லத்துக்காரரே போன் செய்து சொன்னாராம். அங்கே வந்திருந்த தன் தம்பியைப் பார்த்ததும் அந்த மனிதன் பேர் சொல்லிக் கூப்பிட்டானாம்.

"உங்க அம்மா படத்தைப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"பாத்துச்சுங்க. ரொம்ப நேரம் வெச்சுப் பாத்துச்சு. இவன் இத்தனை ஒல்லியாவா இருந்தான், நான் சோறு போடலையான்னு கேட்டுச்சுங்க."

பழைய டிஸ்க்கை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கணவர் எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து அதில் மாட்டிக் கொடுத்தார். அதற்கு நெட் கிடையாது. ஸ்கேன் அதில், எடிட்டிங் இதில். மேசையில் இப்போது டம்ளர் வைக்கக்கூட இடமில்லை என்று அவரே முணுமுணுக்கிறார்.

அந்தப் பெண் அதே படத்தை வேறு பல இல்லங்களுக்கும் அனுப்பியிருக்கிறாள். இரண்டு இடங்களிலிருந்து படம் வந்தது. வந்ததும் எனக்கு அனுப்புவாள். முதலில் காதைத்தான் பார்ப்போம். இதுவரை அவன் கிடைக்கவில்லை.